கை சொல்வதில் பாதி

அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கண்ணுகளா, இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் அப்பன் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன், கோர்வையாக எழுதத் தெரியாது. நடுவில் எங்காவது தடம் மாறிப் போனாலும் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், அவரைத் தெரிந்துகொண்டுவிடலாம்.

எங்கள் கம்பெனி கேன்டீனில் டீ போடும் அக்காவுக்குச் சர்க்கரை விஷயத்தில் தாராள மனசு. எல்லோரும் "அக்கா, சக்கரை கம்மி" என்று சொல்லி வாங்கிக்கொள்வோம். அந்த மூன்று சொல் அவர் வாயில் வரவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்தப் பாயசத்தைக் குடித்தார். அடுத்த வாரம் ஒரு ஃப்ளாஸ்க் வாங்கி, தான் தங்கியிருந்த அறையிலிருந்தே டீ போட்டு எடுத்துவர ஆரம்பித்தார். நான் பார்க்க ஒன்பது வருடம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் மடக்கிவிட்டது.

"ஏனுங் சார், நம்ம டீ உங்களுக்கு ஆகாதுங்களா? இல்ல, என்ற மூஞ்சியே ஆகாதுங்களா?"

"ஐயோ, அப்புடியெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குமுங்க."

"குடிச்சாத்தானே தெரியும், நல்லா இருக்குதா இல்லையான்னு!"

கேன்டீனே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போதும் சர்க்கரைதான் காரணம் என்று சொல்லவில்லை.

மாடியில் டிராயிங் செக்‌ஷனில் மூன்று பேர். ஃபேன் அவர் மேசைக்கு நேர் மேலே. மற்ற இரண்டு பேரும் அதை முழு வேகத்தில் வைப்பார்கள், இவர் காகிதமெல்லாம் பறக்கும். குறையுங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? மேசை அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டிவந்து போட்டு, காகிதத்தையெல்லாம் அதற்கடியில் சொருகிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா?" என்று நானே கேட்டேன்.

"எதுக்குங்க? ஆளை மாத்தறது செரமம். பொருளை மாத்திப்போட்டா முடிஞ்சுது."

அவரை எல்லோரும் டிராயிங்காரர் என்றே சொல்வோம். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லி, முழுக்கைச் சட்டை. சொந்த ஊர் காங்கேயத்துக்கு அப்பால். வாரநாளில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே பீளமேட்டில் ஒற்றை அறை, சனிக்கிழமை சாயங்காலம் ஊர் பஸ். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. அவர் நம்மை எதுவும் கேட்காததால் நமக்கும் அவரைக் கேட்க வாய் வராது.

அவர் கம்ப்யூட்டரில் வரைந்த பம்ப் டிராயிங்குக்கு எங்கள் கம்பெனியில் ஒரு மரியாதை இருந்தது. வேறு யார் வரைந்தாலும் கீழே ஃபவுண்டரியிலிருந்து போன் போகும், "இந்த அளவு சரிதானா பாருங்க" என்று. மூலையில் இவர் பேர் இருந்தால் போன் போகாது, இரும்பை ஊற்றிவிடுவார்கள். அது ஒன்றுதான் அவருடைய சொத்து. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

நான் அதே கம்பெனியில் பேட்டர்ன் ஷாப். இரும்பில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிற தச்சு வேலை, இப்போதும் அதுதான். ஒருநாள் காலையில் என் மேசைமேல் ஒரு டிராயிங் கிடந்தது. பந்து உட்காருகிற மாதிரி ஒரு கிண்ணம், அதற்கு ஒரு கால், கையை வைத்துக்கொள்ள ஒரு சரிவு. எல்லா அளவும் சுத்தமாகப் போட்டு, மூலையில் அவர் பேர். தேக்கில் செய்ய வேண்டும் என்று குறிப்பு. நானும் கம்பெனி வேலை என்று நினைத்துச் செய்து முடித்துவிட்டேன். முடித்தபிறகுதான் பார்த்தேன், ஜாப் நம்பர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "இது எந்த பம்புக்குங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "கம்பெனிக்கு இல்லீங்க. எனக்கு."

"அடடா, அதைக் கீழ வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே!"

"எப்புடிக் கேக்கறதுன்னு தெரியலீங்க. அதுதான் வரைஞ்சு வெச்சுட்டேன்."

ஒரு மனுசன் கேட்கத் தெரியாமல் டிராயிங் போடுவானா? அவர் போட்டார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் பழக்கம் ஆரம்பித்தது.

அந்தக் கிண்ணம் எதற்கென்று அடுத்த வாரம் தெரிந்தது. அதில் சிவப்பு ஸ்நூக்கர் பந்து ஒன்று உட்கார்ந்திருந்தது. பந்துக்கு அடியில் ஒரு கண், சாதாரண மௌஸின் வயிற்றில் இருக்குமே அதே மாதிரி. பக்கத்தில் மூன்று பொத்தான், உள்ளே தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சிப் பலகை. அவரே செய்துகொண்ட இந்த மௌஸை மேசையில் நகர்த்தக் கூடாது. அது அப்படியே இருக்கும், விரலால் பந்தை உருட்டினால் திரையில் அம்பு நகரும்.

பந்து கிண்ணத்தில் லொடலொடவென்று ஆடியதைப் பார்த்ததும் என் தப்பு தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் சாதாரண ஸ்கேல் கிடையாது. வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால் நூற்றுக்கு ஒன்று கூட வைத்தே கோடு போட்ட ஸ்கேல் எங்களுடையது. பழக்கதோஷத்தில் அதை வைத்தே இவருடைய கிண்ணத்தையும் அளந்துவிட்டேன். தேக்கு எங்கே சுருங்கப் போகிறது? அரை மில்லி பெரிதாகிவிட்டது. பந்து கீழே இறங்கிக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வந்து, அம்பு ஒரு பக்கம் ஓட்டமாகவும் மறு பக்கம் நடையாகவும் போயிருக்கிறது.

"சொல்லியிருந்தா மத்தியானத்துக்குள்ள வேற செஞ்சு தந்திருப்பேனுங்களே!"

"பரவாயில்லீங்க. கண்ணுக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு அட்டை குடுத்தேன். மிச்சத்தை எழுத்துல மாத்திப்போட்டேன்."

எழுத்து என்றது ஃபர்ம்வேரை. அவர் எனக்குச் சொன்னபடி உங்களுக்குச் சொல்கிறேன். மௌஸுக்குள் இருக்கிற சிப்புக்கு, பந்து இத்தனை உருண்டால் அம்பு இத்தனை போக வேண்டும், இந்தப் பொத்தானை அமுக்கினால் இது நடக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். கடை மௌஸில் அந்த எழுத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். இதற்கான எழுத்தை எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கைக்குத் தகுந்த மாதிரி திருத்திக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவருக்கென்றே அமைந்த மாதிரி இல்லையா?

திருத்தியதை உள்ளே ஏற்றுவதற்கு மூன்று பொத்தானையும் ஒன்றாக அமுக்குவார். அம்பு செத்துவிடும். அந்த நேரத்துக்கு அது மௌஸாக இருக்காது, கம்ப்யூட்டருக்கு ஒரு பென் டிரைவ் மாதிரித் தெரியும். புது எழுத்தை அதில் போட்டால், ஒரு நிமிடத்தில் திரும்ப மௌஸாக உயிர் வரும். இந்த வேலையை அறையில் தன் லேப்டாப்பில்தான் செய்வார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன்.

அப்படி ஒருநாள் நான் அந்தப் பந்தை உருட்டிப் பார்த்தேன். எனக்கு அது ஆகவே இல்லை. சேற்றில் நடக்கிற மாதிரி அம்பு தயங்கித் தயங்கி வந்தது. ஒரு பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் கேட்டது.

"என்னங்க இது, இப்புடித் தூங்குது?"

"நல்ல கைக்கு அது ஒத்து வராதுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு சாதாரண மௌஸை லேப்டாப்பில் சொருகி அதன்மேல் வலது கையை வைத்தார். திரையில் அம்பு, விளக்கைச் சுற்றும் பூச்சி மாதிரி அதே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். அத்தனை நாள் அந்த முழுக்கைச் சட்டையைத்தான் பார்த்திருந்தேன்.

"ரெண்டு வருசமா இப்புடித்தானுங்க. டாக்டர் ஒரு பேர் சொன்னாரு. நிக்காதுன்னும் சொன்னாரு." பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "என்ற கை சொல்றதுல பாதியை இது காதுல போட்டுக்கக் கூடாதுங்க. எந்தப் பாதியின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

அந்த எழுத்தின் நடுவே ஒரு எண் இருந்தது. நடுக்கத்தை எவ்வளவு வடிகட்டலாம் என்கிற எண். அன்றைக்கு அது நான்கு. எழுந்து கிளம்பும்போது சொன்னார்:

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாமுங்க."

அவர் ஒரு ஆளிடம் ஒன்று கேட்டு நான் கண்டது அது ஒரு தடவைதான். சரி என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு அந்த எண்ணிலேயே நடந்தது. படியில் பார்த்தால், "இப்ப எத்தனைங்க?" என்பேன். "ஆறு" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ போல்ட் சைஸ் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். தீபாவளி கழிந்து ஒன்பது. சித்திரையில் பதினொன்று. எண் ஏற ஏற அம்பு இன்னும் மெதுவாக வரும், அதற்காக அவர் இன்னும் சீக்கிரம் ஆபீசுக்கு வருவார். டிராயிங் மட்டும் முன்பு மாதிரியே சுத்தமாக இருந்தது, ஃபவுண்டரியிலிருந்து போன் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எழுத்தைப் பொதுவில் வைத்தவர்கள் பேசிக்கொள்ள ஒரு இணையப் பக்கம் இருந்தது. அங்கே அவர் நிறைய எழுதியிருந்தார். ஒருநாள் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார்: "என் கை நடுங்குகிறது, விரல் ஒரு தடவைக்கு மூன்று தடவை அமுக்குகிறது, என்ன செய்யலாம், யாராவது உதவ முடியுமா?" அப்படியே கேட்டிருந்தார்! எந்தத் தேசமோ, யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. முகம் தெரியாதவனிடம் கேட்க முடிகிறது. பக்கத்து மேசைக்காரனிடம் முடியவில்லை.

அந்த வருடம் யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவால் வைரஸ் புகுந்து, கம்பெனி கம்ப்யூட்டர் எல்லாம் இரண்டு நாள் படுத்துவிட்டன. உடனே புது உத்தரவு. கம்பெனி கொடுத்த மௌஸும் கீபோர்டும் தவிர எதைச் சொருகினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட மேடம் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர்.

இவருடைய பந்து மௌஸ் அன்றைக்கு ஊமையாகிவிட்டது. மத்தியானம் அறைக்கு ஓடினார், நானும் பின்னாலேயே போனேன்.

"மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் தொறந்து விடுவாங்க."

"எதுக்குன்னு கேப்பாங்க."

"சொல்லுங்க. கையின்னு சொல்லுங்க. இதுல என்னங்க வெக்கம்?"

"வெக்கம் இல்லீங்க." லேப்டாப்பைத் திறந்துகொண்டே சொன்னார். "கை நடுங்குதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு என்ற டிராயிங்குக்கும் போன் வரும். ரெண்டு தடவை பாப்பாங்க. மூணு தடவை பாப்பாங்க. அப்பறம் நான் எதுக்குங்க அங்க?"

சொல்லிக்கொண்டே மௌஸைச் சொருகி, மூன்று பொத்தானையும் ஒன்றாக அமுக்கினார்.

எந்த மௌஸையும் சொருகியதும் கம்ப்யூட்டர் அதை நீ யார் என்று கேட்குமாம். அது தன்னைச் செய்த கம்பெனிக்கு ஒரு எண், தனக்கு ஒரு எண், இரண்டையும் சொல்லுமாம். அந்த எண்ணும் எழுத்தில்தான் இருக்கிறது. அவர் எங்கள் கம்பெனி மௌஸின் இரண்டு எண்ணையும் பார்த்து வந்திருந்தார். தன்னுடைய எழுத்தில் பழைய எண்ணை அழித்து, அதைப் போட்டார்.

"இது பொய் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பேரை மாத்திச் சொன்னா ஆளு மாறிருமுங்களா?"

சாயங்காலம் பந்து உருண்டது, அம்பு நகர்ந்தது. கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. பொருளை மாற்றினார், முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து மாதம் போனது. எண் பதினான்கு. ஒரு வியாழக்கிழமை காலை, அவசரமாக ஒரு டிராயிங் முடிக்க வேண்டியிருந்திருக்கிறது. கை அன்றைக்கு மோசம். பெருவிரல் ஒரு பொத்தானுக்குப் போக, நடுக்கத்தில் மற்ற இரண்டு விரலும் மற்ற இரண்டு பொத்தானில் விழுந்துவிட்டன. மூன்றும் ஒன்றாக அமுங்கின. அம்பு செத்தது. கம்பெனி கம்ப்யூட்டரில், கம்பெனி மௌஸ் என்று பேர் சொல்லி உட்கார்ந்திருந்த ஒன்று, எல்லோரும் வேலை பார்க்கிற நேரத்தில் பென் டிரைவாக மாறியது. கீழே மேடத்தின் திரையில் எச்சரிக்கை போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள், பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பொய்ப் பேரில் உள்ளே வந்த பென் டிரைவ். அதுவும் டிராயிங் செக்‌ஷனில். எங்கள் ஊரில் பம்ப் கம்பெனிகள் தெருவுக்கு ஒன்று. ஒரு கம்பெனி டிராயிங் இன்னொரு கம்பெனிக்குப் போவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் தொழிலில் கிடையாது.

மேனேஜர் அறையில் விசாரணை. தேக்கு உடம்பைப் பார்த்ததும் அது என் கைவேலை என்று தெரிந்துவிட்டது, என்னையும் கூப்பிட்டார்கள். நான் போனபோது மேனேஜர் மேசைமேல் அந்த மௌஸ் இருந்தது. டிராயிங்காரர் நாற்காலியில் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"சார், இது எங்க மௌஸோட நம்பர வெச்சுட்டு உள்ள வந்திருக்கு. இன்னைக்கு பென் டிரைவா மாறியிருக்கு. நான் என்னன்னு நினைக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று அவரைக் கேட்டார் மேடம். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் இருந்தது.

"நீங்க அப்புடி நினைக்கறது ஞாயந்தானுங்க" என்றார் அவர். "ஆனா எதையும் எடுக்கலீங்க."

"எடுக்கலீன்னு எனக்கும் தெரியுது" என்றார் மேனேஜர். "இருவது வருசம் இருக்கறீங்க. கம்பெனி மௌஸ் ஒண்ணு குடுத்திருக்கறோமே, அதுல என்னங்க கொறை? இது எதுக்கு?"

"பழகிப்போச்சுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீதானே செஞ்சே? எதுக்கு இதுன்னு உனக்கு எதாச்சும் தெரியுமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடை லேசாக அதிர்ந்தது, கை அடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை. என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாழ்நாளில் யாரையும் எதுவும் கேட்காத ஆள், என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்.

"தெரியாதுங்க. பந்துக்கு ஒரு கிண்ணம் செஞ்சேன், அவ்வளவுதானுங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "செரி, விடுங்க மேடம். இதை எடுத்து உள்ள வெச்சுப் பூட்டுங்க. நீங்க நாளையிலிருந்து கம்பெனி மௌஸ்லயே வேலை பாருங்க. இதைப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம்."

எல்லோரும் எழுந்தோம். இவ்வளவு லேசாக விட்டுவிட்டாரே என்று மேடத்துக்கே வியப்பு. அதைவிடப் பெரிய தண்டனையை அவர் கொடுத்திருக்க முடியாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை அவர் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தார். டைப் அடித்த கடிதம். கீழே கையெழுத்து மட்டும், பஸ்ஸில் நின்றுகொண்டு போட்ட மாதிரி இருந்ததாம்.

"ஒரு மௌஸுக்காகவா ஒரு மனுசன் வேலைய உடுவான்?" என்றது கேன்டீன் அக்கா. ரோசக்காரர் என்றார்கள் சிலர். ஏதோ உள்ளே இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் போகிறார் என்றார்கள் சிலர். அந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவில்லை. அப்படியும் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஏழாவது மாதம் புதிதாக வந்தவருடைய டிராயிங்கில் ஒரு அளவு மாறி, வார்த்ததெல்லாம் கழிவுக்குப் போனது. மேனேஜர் பேட்டர்ன் ஷாப்புக்கே வந்து, கழிவில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரு இருந்திருந்தா இது நடக்குமாப்பா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை, எண், பந்து, எல்லாம்.

மேனேஜர் பக்கத்தில் இருந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அட, என்னப்பா நீ. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மேடத்துகிட்டச் சொல்லி அந்த ஒரு மௌஸுக்கு மட்டும் தொறந்து விட்டிருப்பேனே. கை ஆடுனா என்ன, டிராயிங்கு ஆடலையே." எழுந்துகொண்டே, "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே காங்கேயம் போய், பஸ் மாறி, அவர் ஊருக்குப் போனேன். நிறுத்தத்துக்கு எதிரிலேயே வீடு. உச்சி வெயில், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவேன்! "வாங்க, வாங்க! தண்ணி குடிங்க மொதல்ல" என்று இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி தண்ணீர் தரையில் சிந்தியது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

வீட்டில் எல்லாப் பொருளையும் மாற்றி வைத்திருந்தார். கதவுத் தாழ்ப்பாளைக் காலால் தள்ளித் திறக்கலாம். குழாய்க்கு நீளமான பிடி, முழங்கையால் தட்டினால் போதும். எல்லாம் அவர் ஒருவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. உட்கார ஒரே நாற்காலி. அதை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து அரிசி போட்டுடறேனுங்க. இருந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்று குக்கரை அடுப்பில் ஏற்றினார். பழைய மௌஸ் கம்பெனியிலேயே பூட்டில் இருந்தது. புதிதாக ஒன்று செய்திருந்தார், பிளாஸ்டிக் டப்பாவில். அதைக் காட்டினார். அந்த இணையப் பக்கத்தில் யாரோ ஒருவர், கை நடுங்கும் தன் அப்பாவுக்கு, இவர் திருத்திப் பொதுவில் வைத்த எழுத்தை ஏற்றிக் கொடுத்ததாக எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினார். இவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. அந்த ஏழு மாதத்தில் யாரிடமாவது பேசினாரோ இல்லையோ.

நல்ல நேரம் இதுதான் என்று நினைத்து நான் ஆரம்பித்தேன். "உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க மேனேஜரு. உங்க மௌஸையே வெச்சுக்கலாமாமுங்க. மேடமும் செரின்னுட்டாங்க. கை ஆடுனா என்ன, டிராயிங்கு ஆடலையேன்னு அவரே சொன்னாருங்க."

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"கையைப் பத்தி அவருக்கு எப்புடித் தெரியுமுங்க?"

"நான்தானுங்க சொல்லிப்போட்டேன்."

குக்கர் ஒரு விசில் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டேன்."

"உங்க நல்லதுக்குத்தானுங்க... அன்னைக்கே சொல்லியிருக்கோணும், தப்புப் பண்ணிட்டேன்னு..."

"அன்னைக்குச் சொல்லாம இருந்தீங்க பாருங்க," என்றார், "அதை நெனச்சுட்டுத்தானுங்க இத்தனை நாள் இருந்தேன்."

அதில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். இரண்டாவது விசில் வந்தது. வெந்த அரிசி வாசம் வீடு முழுக்க இருந்தது. அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மூணே காலுக்கு பஸ்ஸுங்க. அதை உட்டா அஞ்சு மணிக்குத்தான்."

நம் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவரைச் சோறு வெந்திருக்கும்போது யாரும் அனுப்ப மாட்டார்கள் கண்ணுகளா. பகையாளியைக்கூட அனுப்ப மாட்டார்கள். நான் எழுந்து, "வாரேனுங்க" என்றேன். "செரிங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கம்பெனிக்கு வரவில்லை. போன் அடித்தால் மணி போகும், எடுக்க மாட்டார். அன்றைக்கு விசாரணையில் வாயை மூடிக்கொண்டது தப்பா, பிறகு திறந்தது தப்பா என்று நீங்கள் என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. நீங்கள் பெரியவர்களாகி என்னைவிட நன்றாக யோசிப்பீர்கள் என்றுதான் எழுதிவைக்கிறேன்.

அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்ற பிறகுதான் மணியைப் பார்த்தேன். இரண்டரை. முக்கால் மணி நேரம் அந்த வெயிலில் நின்றேன். எதிரில் அவர் வீட்டுக் கதவு. பஸ் வரும்வரை அது திறக்கவில்லை.